ஏர்போர்ட்டே இல்லாத தருமபுரிக்கு விஆர், ஏஆர் எதுக்கு? விமான நிலையங்களில் என்ன மாறுது?

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஃப்ளைட் பிடிக்கணும்னா தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போகணும். இல்லைன்னா ஓசூர் வழியா பெங்களூரு நகரத்தையே தாண்டி தேவனஹள்ளி போகணும்.

இந்த நிலையில், உலகம் முழுக்க விமானத் துறையில் விஆர், ஏஆர் தொழில்நுட்பங்கள் நுழைஞ்சுக்கிட்டு இருக்கு. இதனால் நம்ம ஊர்க்காரர்களுக்கு என்ன பயன்? எது உண்மையான மாற்றம், எது வெறும் விளம்பரம்? பார்க்கலாம்.

விஆர், ஏஆர்: என்ன வித்தியாசம்?

சிம்பிளா சொன்னா, விஆர் என்பது கண்ணை முழுசா மூடும் கருவியை மாட்டிக்கொண்டு வேறொரு உலகத்துக்குள் போவது. ஏஆர் என்பது கண் முன்னால் இருக்கும் காட்சியின் மேலேயே கூடுதல் தகவலைக் காட்டுவது. போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால், தரையில் அம்புக்குறி தெரிவது ஏஆர்.

'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயரே விமானத் துறையில் பிறந்ததுதான். போயிங் நிறுவனத்தில் விமானத்துக்குள் போகும் ஒயர்களைச் சரியாகக் கட்டுவதற்கு, தொழிலாளியின் கண் முன்னால் வரைபடம் தெரிந்தால் என்ன என்று யோசித்தார் டாம் காடெல். 1990-களின் தொடக்கத்தில் அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர்தான் இது.

பெங்களூருவில் என்ன இருக்கு?

பெங்களூரு விமான நிலையத்தின் 2-வது முனையத்தை 2022 நவம்பர் 11-ல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். அந்த முனையம் பயன்பாட்டுக்கு வந்த சமயத்தில், வீட்டிலிருந்தே அதைச் சுற்றிப் பார்க்கும் 'பிஎல்ஆர் மெட்டாபோர்ட்' என்ற மெய்நிகர் வடிவமும் வெளியானது.

2022 டிசம்பரில் அங்கு தொடங்கிய டிஜி யாத்ரா வேறு விஷயம். அது முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை. விஆர், ஏஆரோடு குழப்பிக்க வேண்டாம்.

பயணிக்கு எது உதவும்?

முனையத்தைத் திரையில் சுற்றிப் பார்ப்பது அழகா இருக்கும். ஆனால் முதல் முறை விமானம் ஏறுகிறவருக்குத் தேவை அது இல்லை. செக்-இன் எங்கே, இமிக்ரேஷன் எங்கே, கேட் எங்கே என்பதுதான் அவருடைய பதற்றம்.

இதற்கு லண்டன் அருகே உள்ள கேட்விக் விமான நிலையம் 2017-ல் ஒரு வழி செய்தது. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியா வேலை செய்யாது. அதனால் இரண்டு முனையங்களிலும் சுமார் 2,000 சிறிய ப்ளூடூத் கருவிகளைப் பொருத்தினார்கள். போனில் கேமராவைத் திறந்தால், போக வேண்டிய பாதையை அம்புக்குறி காட்டும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கு. சாதாரண போனில் ஓடாத, தமிழில் பேசாத ஒரு ஆப், தருமபுரியிலிருந்து வேலைக்காக வளைகுடா போகும் ஒருவருக்கு எப்படி வழிகாட்டும்?

உண்மையான மாற்றம் எங்கே?

பயணிகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது பயிற்சியில்.

விமானி பயிற்சிக்கான பெரிய சிமுலேட்டர்களுக்குப் பல கோடி ரூபாய் ஆகும். 2021-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, விஆர் கருவியில் இயங்கும் ஹெலிகாப்டர் பயிற்சி சாதனத்துக்கு முதல் முறையாக அங்கீகாரம் கொடுத்தது. நடுவானில் என்ஜின் நின்றால் எப்படித் தரையிறக்குவது என்பதை, தரையில் உட்கார்ந்தே திரும்பத் திரும்பப் பழகலாம்.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 2016-லேயே மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியை வைத்து, நிஜ என்ஜின் இல்லாமலே மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்தும் முயற்சியை அறிமுகப்படுத்தியது. ஐடிஐ, டிப்ளமோ முடித்த நம்ம ஊர் மாணவர்களுக்குக் கதவு திறக்கக்கூடிய இடம் இதுதான்.

சேலம் மாதிரி சின்ன ஏர்போர்ட்டுக்கு?

சேலத்தில் 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சேவை தொடங்கியது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. நாளைக்குச் சில விமானங்களே வரும் இடங்களில், செலவுதான் பெரிய பிரச்சினை.

ஸ்வீடனில் ஒர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சிறிய விமான நிலையத்தை, 2015 முதல் 100 கி.மீ.க்கும் அப்பாலிருந்து கேமரா மூலமே கட்டுப்படுத்துகிறார்கள். லண்டன் சிட்டி விமான நிலையமும் 2021-ல் இந்த முறைக்கு மாறியது. திரையில் விமானம் தெரியும்போதே அதன் பெயர், உயரம், வேகம் பக்கத்தில் வந்து நிற்கும். இதுவும் ஏஆர்தான். ஒரே மையத்திலிருந்து பல சின்ன விமான நிலையங்களைக் கவனிக்க இது வழி செய்கிறது. அதேசமயம் நெட்வொர்க் அறுந்தால் என்ன செய்வது, சைபர் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்பதற்கும் மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

ஓசூரில் என்ன கேட்கணும்?

2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர் ஓசூர். அங்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கி.மீ. சுற்றளவுக்கு 2033 வரை கட்டுப்பாடு இருப்பதுதான் இதில் பெரிய முட்டுக்கட்டை.

விமான நிலையம் வர நாளாகலாம். ஆனால் ஆட்களைத் தயார்படுத்த அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓசூர் திட்டம் பற்றிப் பேசும்போது நிலம், ஓடுதளம் மட்டுமல்ல, பயிற்சி மையம் உண்டா, வழிகாட்டும் வசதி தமிழில் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கணும்.

அதே நேரம், கருவியை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவதும் ஆபத்து. ஜப்பான் ஏர்லைன்ஸ் நம்பிய ஹோலோலென்ஸ் வரிசையின் உற்பத்தியையே மைக்ரோசாஃப்ட் 2024-ல் நிறுத்திவிட்டது. கண்ணாடி பழசாகிவிடும். அதை வைத்துக் கற்ற வேலை கையிலேயே இருக்கும்.