வேட்டி நனைந்தால் வெட்கமா?

வடலூர் சத்திய ஞான சபையில் 1872-ம் ஆண்டு முதல் தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் நடக்கிறது. ஏழு திரைகள் விலகும் காட்சியைக் காண, கூட்டத்தில் வெகுநேரம் நிற்க வேண்டும். வயதான ஆண்கள் சிலருக்கு அதுவே பயம். அடக்க முடியாமல் வேட்டியில் சிறுநீர் கசிந்துவிட்டால்?

"இந்த வருஷம் ஏன் புறப்படவில்லை?" என்று வீட்டில் கேட்டால், "முழங்கால் வலி" என்பார்!

ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே 'புராஸ்டேட்' என்ற சுரப்பி இருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே செல்கிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பருக்கும், குழாய் நெருக்கப்படும். பை முழுவதும் காலியாகாது, நிரம்பிக் கசியும். நீரிழிவும், புராஸ்டேட் ஆபரேஷனும்கூடக் காரணமாகலாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பது வைத்தியம் அல்ல. மாத்திரை உண்டு, தசைப் பயிற்சி உண்டு. சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்கலாம்.

சர்க்காரும் இதைத் தாமதமாகத்தான் கவனித்தது. பெண்களின் சானிட்டரி நாப்கினுக்கு 2018-ல் ஜி.எஸ்.டி. வரி நீங்கியது. நியாயமான காரியம்! ஆனால், பெரியவர்கள் அணியும் டயாப்பருக்கு 12 சதவீத வரி நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 சதவீதம் ஆயிற்று. அந்த ஐந்தையும் நீக்கினால், படுத்த படுக்கையான தகப்பனாருக்குத் தினமும் மூன்று, நான்கு வாங்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் காசு மிஞ்சும்.