ஒரே கார், இரண்டு கணக்கு

வாகனம் வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதைத்தான். விற்பவரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லி விடுகிறார். அந்த எண் எந்த ஆண்டில், எந்த முறையில் அளக்கப்பட்டது என்று இருவருமே யோசிப்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் லெக்ஸஸ் எஸ்.சி.430. ஜப்பானில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட, கூரையை மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ளக்கூடிய சொகுசுக் கார் இது. 4.3 லீற்றர், எட்டு சிலிண்டர் எஞ்ஜின். 2002 மொடலாக அறிமுகமாகி 2010 மொடலுடன் நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் 2007 மொடலுக்கு நகர ஓட்டத்தில் கலனுக்கு 18 மைல் என்று அறிவிக்கப்பட்டது. 2008 மொடலுக்கோ 16 மைல். நமது கணக்கில் லீற்றருக்குச் சுமார் 7.7 கிலோமீற்றர் 6.8 ஆகக் குறைந்தது. ஒரே வருடத்தில் கார் கெட்டுவிட்டதா? இல்லை. அதே எஞ்ஜின், அதே ஆறு கியர் பெட்டி. மாறியது அளவுகோல்தான்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2008 மொடல் முதல் பரிசோதனை முறையை மாற்றியது. பழைய முறையில் நெடுஞ்சாலைப் பரிசோதனையின் உச்ச வேகமே மணிக்கு 60 மைல்தான், ஏசி போடப்படவில்லை. புதிய முறையில் 80 மைல் வரையான வேகம், 35 பாகை வெப்பத்தில் ஏசியுடன் ஓட்டம், கடுங்குளிரில் ஓட்டம் ஆகியனவும் சேர்க்கப்பட்டன. இதனால் நகர ஓட்ட எண்கள் சராசரியாக 12 வீதமும் நெடுஞ்சாலை எண்கள் 8 வீதமும் குறையும் என அந்நிறுவனமே சொன்னது. பழைய மொடல்களின் எண்களையும் புதிய முறைக்கேற்பத் திருத்தி வெளியிட்டது.

இதை அறியாத ஒருவர், "2007 மொடல்தான் பெற்றோல் குறைவாகக் குடிக்கும்" என நம்பி அதற்குக் கூடுதல் விலை கொடுக்கக்கூடும்.

சொகுசுக் கார் வாங்குபவருக்குப் பெற்றோல் செலவு ஒரு பொருட்டா என்று சிலர் கேட்கலாம். அவருக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் லீசிங் எடுத்துச் சிறிய கார் வாங்கும் நம் சகோதரருக்கு அது மாதாந்த வரவுசெலவு. நம் நாட்டுக்கு வரும் ரீகண்டிஷன் வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பானியவை. அங்கும் 10-15 முறை இருந்தது, 2011இல் ஜே.சி.08 முறையும், 2018இல் டப்ளியூ.எல்.ரி.சி. முறையும் கட்டாயமாயின. முறை மாற மாற எண் பொதுவாகக் குறைந்தே வந்தது. பழைய முறையில் வந்த எண்ணையும் புதிய முறையில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, முழத்தையும் யாரையும் ஒன்றெனக் கொண்டு துணி அளப்பதைப் போன்றது.

அளவை நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்கவே அல்குர்ஆனில் 'முதஃப்பிஃபீன்' என்ற தனி அத்தியாயம் உள்ளது. தராசும் படியும் மட்டும்தான் அளவை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. பழைய எண் பொருந்தாது எனத் தெரிந்தும் அதைச் சொல்லி விற்பதும் அளவில் செய்யும் குறைவுதான். தெரியாமல் சொல்பவர் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்.

எனவே விற்பவர் எண்ணுடன் ஆண்டையும் அளந்த முறையையும் சேர்த்துச் சொல்லட்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கட்டும். ஏசியுடன், நம் ஊர் வாகன நெரிசலில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அதே வாகனத்தைப் பாவிக்கும் ஒருவரிடமும் விசாரிக்கட்டும். இலாபம் சற்றுக் குறைந்தாலும் பரக்கத் குறையாது.