கோழியும் பெரியப்பாவும்

கோழியின் பின்பக்கத்தில், மலத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்னப் பை இருக்கிறது. குழம்பு வைக்கிறவர்கள் கண்டுகொள்ளாமல் வீசிவிடும் சமாசாரம். அந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளுக்கு ஆன்டிபாடி சரியாக உண்டாவதில்லை என்று 1956-ல் அமெரிக்காவில் ப்ரூஸ் க்ளிக்கும் சகாக்களும் எழுதினார்கள். கோழி ஆராய்ச்சிக்காரர்கள் படிக்கிற பத்திரிகையில் வந்ததால், டாக்டர்கள் ரொம்ப நாள் சட்டை செய்யவில்லை. பையின் பெயர் பர்ஸா. 'பி செல்' என்கிறோமே, அந்த 'பி' இங்கிருந்து வந்ததுதான். நமக்குப் பர்ஸா கிடையாது (மாசக் கடைசியில் பர்ஸே கிடையாது). எலும்பு மஜ்ஜைதான் தொழிற்சாலை.

எதற்கு இந்தக் கோழிப் புராணம் என்றால், என் பெரியப்பா. திண்டிவனம் மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். வயது 74. மகன் ஆசையாக 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்துக் கொடுத்திருக்கிறான். எழுபது டெஸ்ட். அதில் ஒன்று ருமடாய்டு ஃபேக்டர். விழுப்புரம் பாசஞ்சரில் பேப்பரை நீட்டினார்.

"இன்னாடா தம்பி, பாசிட்டிவ்னு போட்டுக்கீறான். முடக்குவாதமாம்."

"கை கால் வலிக்குதா பெரிப்பா?"

"ஒரு எழவும் இல்ல. டெய்லி ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரேன். பக்கத்து வூட்டுக்காரரு ஒரு மாத்திரை குட்தாரு. போட்டா ஜம்முனு கீதாம்."

வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு. பெரியப்பாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மயிலத்தில் ஆரம்பித்து விக்கிரவாண்டி வரை பேசினேன். சுருக்கம் இது:

பி செல் ஒவ்வொன்றும் பிறக்கும்போது ஜீன் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, தனக்கென்று ஒரு கொக்கி செய்துகொள்கிறது. எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டியே தெரியாதே, அதனால் இந்தக் குருட்டாம்போக்கு. விளைவு, பல கொக்கிகள் சொந்த உடம்பையே கவ்வும். புதுசாகப் பிறந்த பி செல்களில் 55 முதல் 75 சதவிகிதம் இப்படித்தான் என்று 2003-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டார்கள். நல்லவேளை, மஜ்ஜையிலேயே செக்கிங் உண்டு. தப்பான கொக்கிக்கு, மாற்றிக்கொள்ள ஒரு சான்ஸ். மாற்றாவிட்டால் மரணம், அல்லது மயக்கநிலை. அப்படியும் வித்தவுட்டில் சிலது வெளியே வந்துவிடும். அதைக் கவனிக்க வெளியிலும் காவல் இருக்கிறது. இந்த வெளிக்காவலை டி செல்களில் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2025 மருத்துவ நோபல்.

வயசானால்? மஜ்ஜையில் புது ஆள் எடுப்பது குறைகிறது. பழைய ஆட்களே சீட்டை விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் (எந்த ஆபீஸ் ஞாபகத்துக்கு வருகிறது என்று கேட்கமாட்டேன்). போதாததற்கு, கிழட்டு எலிகளில் சேர்கிற ஒரு தனி ரக பி செல்லை 2011-ல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. சொந்த உடம்பைக் கவ்வும் ஆன்டிபாடிகளில் இதற்கும் பங்கு உண்டு. லூபஸ் நோயாளிகளிடம் இதே ஜாதி செல்கள் எக்கச்சக்கம்.

ஆகவே, வயதானவர் ரத்தத்தில் இந்த மாதிரி ஆன்டிபாடி தென்படுவது சகஜம். ருமடாய்டு ஃபேக்டரே ஒரு விசித்திரம். ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, போலீஸைப் பிடிக்கும் போலீஸ். ஆரோக்கியமான இளைஞர்களில் சிலருக்கும், முதியவர்களில் இன்னும் அதிகம் பேருக்கும் இருக்கும். அது மட்டும் இருந்தால் நோய் அல்ல. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்க மாட்டேன் என்கிறதா, கை மூட்டுகள் வீங்கி ஆறு வாரமாக வடியவில்லையா? அப்போது பேப்பர் நெகட்டிவாக இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி டிபார்ட்மென்ட் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இந்த லிஸ்டில் இல்லை.

இதில் இன்னொரு கூத்து. சொந்த உடம்பைப் பார்த்துக் குரைக்கிற அதே வயசில், நிஜத் திருடன் வந்தால் குரல் எழும்பாது. புதுக் கிருமிக்கு ஆன்டிபாடி செய்வது மந்தமாகிவிடுகிறது. ஃப்ளூவும் நிமோனியாவும் பெரியவர்களைச் சாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டுக்குமே தடுப்பூசி உண்டு. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும். சில தேசங்களில் 65 தாண்டியவர்களுக்கு டோஸைக் கூட்டியே போடுகிறார்கள். அப்பாவுக்கு செக்கப் பேக்கேஜ் வாங்கித் தரும் அருமைப் புதல்வர்கள், இந்த இரண்டு ஊசி பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பெரியப்பாவின் எழுபது ஐட்டத்தில் அது இல்லை.