படம் எடுக்க நல்ல நேரம்

தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களுள் நம் ஊர் நாட்காட்டி தொங்காத இல்லம் அரிது. தை பிறப்பதற்கு முன்னரே ஊரிலிருந்து வருவோர் எவரேனும் அதனைச் சுருட்டிக் கொணர்ந்து தந்துவிடுவர். குழந்தை பிறந்த வீட்டிலோ அதற்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. பெயர் சூட்டவும், தொட்டிலிடவும், முதன்முதல் கோயிலுக்கு எடுத்துச் செல்லவும் அதனையே பார்க்கிறோம். அண்மையில் நம் அன்பர் ஒருவர், பிறந்து ஒரு திங்களான தம் பெண் குழந்தையைப் படம் பிடிப்பதற்கும் அதிலேயே நேரம் குறித்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். ஒன்பதே காலுக்குப் போட்டோக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?" என்றார்.

நாம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "ஒன்பதே காலுக்குக் குழந்தை வழக்கமாக என்ன செய்து கொண்டிருக்கும்?"

அன்பர் திகைத்தார். கைபேசியில் மனைவியாரைக் கேட்டுவிட்டு, "அது பசித்து அழுகிற நேரமாம்; அதன் பிறகுதான் குளியலாம்" என்றார், சற்றே நாணத்துடன்.

திங்களன்று ஏழரை முதல் ஒன்பது வரை என்னும் கணக்கு, காலை 6 மணிக்குக் கதிரவன் உதிப்பதாகக் கொண்டு பகலை எட்டாகப் பகுத்ததால் வந்தது. தில்லியில் மார்கழியில் கதிரவன் எழுவதே 7 மணிக்கு மேல்தான். ஆகவே அந்தக் கணக்கும் இங்கே திருத்தம் வேண்டி நிற்பது. அதனைச் சோதிடம் வல்லார் பார்த்துக்கொள்வாராக. நாம் இத்திங்கள் சொல்ல விரும்புவது வேறொன்று. கைக்குழந்தைக்குத் தனியே ஒரு பஞ்சாங்கம் உண்டு. பசியும் உறக்கமுமே அதன் நாளும் கோளும். படம் எடுக்க விரும்புவோர் முதலில் அதனைப் படிக்க வேண்டும்.

இதனை நாம் ஏட்டில் கற்கவில்லை; தவறு செய்தே கற்றோம். 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் நம் இல்லத்தில் ஆண் மகவு பிறந்தது. நம் அன்னையார் அப்பொழுது திருவையாற்றுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தார். முழங்கால் வலி காரணமாக இரண்டு இரவு ரயிலில் அமர்ந்து வர அவரால் இயலவில்லை. "குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு" என்று தொலைபேசியில் கேட்டார். நாமோ, "சற்றுச் சதை பிடிக்கட்டும்" என்று தள்ளிப் போட்டோம். பதினோராம் நாள் பெயர் சூட்டு விழா வந்தது. பட்டுச் சட்டை, கழுத்தில் சங்கிலி, இடுப்பில் அரைஞாண், அறை நிறைய ஓமப் புகை, இருபது பேர் கைமாறிய குழந்தை, நல்ல நேரம் கடப்பதற்குள் எடுத்துவிட வேண்டுமென்ற பரபரப்பு. படம் தெளிவாகவே வந்தது. குழந்தை மட்டும் முகம் சிவக்க வீரிட்டுக்கொண்டிருந்தது. வேறு படம் இல்லாமையால் அதனையே அனுப்பினோம்.

ஒரு வாரம் கழித்து அன்னையார் பேசினார். பட்டுச் சட்டையைப் பற்றியோ சங்கிலியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. "பிள்ளை ஏன் அப்பா இப்படி அழுகிறான்? பசி வேளையா? பெற்றவளையும் காணோமே!" என்றார். ஆறுதலுக்காக அனுப்பிய படம் கவலையைக் கொண்டு சேர்த்தது.

இனி, குழந்தையின் பஞ்சாங்கத்துக்கு வருவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலுக்கு விழிக்கும். பால் குடித்து, ஏப்பம் விட்டு, மீண்டும் உறக்கம் வருவதற்கு முன் சிறிது நேரம் அழாமல், கை கால்களை அதிகம் உதறாமல், விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் இது சில நிமிடங்களே நீடிக்கும். விழித்த முகத்தைப் படம் பிடிக்க உகந்த வேளை அதுவே. உறங்கும் முகம் வேண்டுமாயின், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டிப் பாலூட்டிய பின் வருகின்ற ஆழ்ந்த உறக்கத்துக்கு இணை வேறில்லை. சாம்பிராணிப் புகையும் கண்மையும் கைக்குழந்தைக்கு வேண்டா என்பர் இக்கால மருத்துவர். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்து மனநிறைவு கொள்ளலாம்.

மூன்று நாள் தொடர்ந்து, குழந்தை எப்பொழுது உண்டது, உறங்கியது, அழுதது என்று ஒரு தாளில் தாய் குறித்து வைத்தால் போதும். எந்த வேளை இனிய வேளை என்பது தானே புலப்படும். பெரும்பாலான குழந்தைகள் மாலையில் மிகுதியாக அழும். பிறந்து ஆறு வாரம் ஆகும்பொழுது இவ்வழுகை உச்சத்தை அடைந்து, பின் படிப்படியாகத் தணியும். ஆதலின் அலுவலகம் விட்டு வந்து விளக்கேற்றிய பின் காமிராவை எடுக்கும் தந்தையர் ஏமாறுவது இயல்பே. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி போடுவார்கள். அன்றும் மறுநாளும் உடம்பு சுடக்கூடும். படத்தை ஒத்திப் போடுக.

அடுத்தது வெளிச்சம். நம் ஊரில் பழகிய வெயில் கணக்கு இங்கே பொருந்தாது. டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டிய நண்பகலில் சென்னையில் கதிரவன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்க, தில்லியில் 38 பாகை உயரமே எட்டுகிறான். இவ்வாறு தாழ்ந்து வருவதால், குளிர்காலத்தில் தெற்குச் சன்னல் வழியே வெயில் அறையின் உள்வரை நீண்டு விழும். மூடுபனி விலகிய பின், பதினொன்று முதல் இரண்டு மணி வரை உள்ள நேரம் குழந்தைக்குக் கதகதப்பு, படத்துக்கு வெளிச்சம் என்னும் இரண்டையும் ஒருங்கே தருவது. ஆனால் நேர்வெயில் முகத்தில் பட்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்ளும். சன்னலின் குறுக்கே வெள்ளை மல் வேட்டி ஒன்றைக் கட்டிவிடுக. அதனூடே வரும் ஒளி பஞ்சுபோல் மென்மையாகும். கோடையிலோ கதிரவன் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடுகிறான். அப்பொழுது வடக்குச் சன்னல் நன்று. தில்லியில் நண்பகற் கதிரவன் ஆண்டு முழுதும் தென்பாலே நிற்பதால், அச்சன்னலில் அவ்வேளை நேர்வெயில் ஒருநாளும் விழாது.

சன்னலே இல்லாதது போன்ற ஒண்டுக்குடித்தன அறையில் வாழ்வோர் கதவைத் திறந்து, வாயிலுக்கு உட்புறமாகக் குழந்தையைக் கிடத்தலாம். ஒளி தலைப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். காற்பக்கத்திலிருந்து வந்தால் மோவாயும் மூக்கும் நிழலிட்டு முகம் விகாரப்படும். அறை விளக்குகளை அணைத்துவிடுக. இருவகை ஒளி கலந்தால் தோலின் நிறம் மாறித் தோன்றும். பிளாஷ் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் குழந்தை திடுக்கிடும். ஆதலின் தவிர்ப்பதே நலம். குளிருக்காகக் கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைப்பதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டா. அதிலிருந்து எழும் நச்சுவாயு மணமற்றது, உயிரையே கொள்ளும்.

எத்தனையாவது நாளில் எடுப்பது என்பதும் பலர் கேட்கும் வினா. முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடையை மீண்டும் எட்டும். அந்த இரண்டு வாரமும் கருவில் இருந்தாற்போல் உடலைச் சுருட்டி உறங்கும் தோற்றம் பின்னர்க் கிட்டாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். மூன்று நான்கு திங்களில் தலை நிமிரும், ஆறு முதல் எட்டுத் திங்களில் தானே அமரும், ஓராண்டையொட்டி நிற்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இவற்றை மருத்துவர் குறித்த பேற்று நாளிலிருந்து எண்ணுக. சதை பிடிக்கட்டும், முடி வளரட்டும், மொட்டை அடித்த தலை மூடட்டும் என்று காத்திருப்போர், ஒவ்வொரு பருவமும் ஒருமுறையே வருகிறது என்பதை நினைவிற் கொள்க.

சிசு தன் கைகள்மீது மோவாயை ஊன்றி உறங்குவது போன்ற படங்களை இப்பொழுது எங்கும் காண்கிறோம். அவை பெரும்பாலும் ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க இருமுறை எடுத்து, பின்னர் ஒட்டி இணைத்தவை. வீட்டில் அதனை முயல வேண்டா. மல்லாந்து கிடக்கும் குழந்தையும் தாய்மடிக் குழந்தையும் அழகில் குறைந்தனவல்ல. கைபேசியைக் குழந்தைக்கு நேர் மேலே பிடிப்போர் அது நழுவாதவாறு கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்க. பத்து நிமிடத்தில் குழந்தை சிணுங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று கொள்க; நாளையும் சன்னலில் வெயில் வரும்.

"கைபேசியிலேயே முகம் பார்த்துப் பேசுகிறோமே, படம் எதற்கு?" என்று இளைஞர் கேட்கலாம். அந்த முகம், பேச்சு முடிந்ததும் மறைந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் முதியோர்க்கு வேண்டியது, நடுப்பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாதபொழுது தாமாகவே எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று.

அன்னையாரின் வினா எங்களை விடவில்லை. 2012 பிப்ரவரி 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு ஒன்பதாவது வாரம். பால் குடித்த குழந்தையை மடியில் ஏந்தி மனைவியார் சன்னலோரம் தரையில் அமர்ந்திருந்தார். அன்னையார் தொட்டிலுக்கென்று அனுப்பியிருந்த பழைய நூற்புடைவை மடியில் விரிந்திருந்தது. "தலை வாரவில்லையே, புடைவை மாற்றி வருகிறேன்" என்றார், நாம் விடவில்லை. குழந்தை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறம் நாளையும் நேரத்தையும் எழுதி, "பால் குடித்த பின் எடுத்தது" என்றும் சேர்த்து அஞ்சலில் விடுத்தோம்.

பள்ளி விடுமுறையில் மூத்த பெண்ணையும் அழைத்துக்கொண்டு மே மாதத்தில் ஊர் செல்ல எண்ணியிருந்தோம். பங்குனியில் அன்னையார் காலமானார். பேரனை அவர் கையில் ஏந்தவில்லை. ஊர் சென்றபொழுது அப்படம் அவருடைய வெற்றிலைப் பெட்டியருகே இருந்தது. விளிம்புகள் கைபட்டு மழுங்கியிருந்தன. அடுத்த வீட்டு அம்மையார் சொன்னார்: வருவோர் எல்லாருக்கும் அன்னையார் முதலில் படத்தைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் காட்டுவாராம். "பிள்ளை பசியில்லாமல் இருக்கிறான், பாருங்கள்" என்பாராம்.

அன்பர் போட்டோக்காரரைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டார். மற்றவர்க்கும் நாம் சொல்வது இதுவே: குழந்தைக்குப் பசியாறிய நேரமே நல்ல நேரம். அவ்வேளையில் தாயையும் உடன் அமர்த்தி ஒரு படம் எடுங்கள், அச்சிடுங்கள், பின்புறம் இரண்டு வரி எழுதுங்கள், இந்த வாரமே ஊருக்கு அனுப்புங்கள்.