ஜெபத்தை யாரும் இயந்திரத்திடம் ஒப்படைக்கவில்லை

விடுமுறை வேதாகமப் பள்ளியை (விபிஎஸ்) திட்டமிட சாட்ஜிபிடியைத் தொட்டாலே ஊழியத்தின் ஆவி போய்விடுமாம். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நாம் வாங்கி நடத்திய அச்சிட்ட ஆசிரியர் கையேட்டை எழுதியது யார்? நம் சபைப் பிள்ளைகளை ஒருநாளும் பார்த்திராதவர்கள்தானே! 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் அம்மையார் தெருப்பிள்ளைகளுக்கு இதே போன்ற வேதப்பள்ளி நடத்த வாடகைக்குப் பிடித்தது ஒரு பீர் மண்டபத்தை. இடம் அவருக்குத் தடையாகவில்லை; கருவி நமக்கு ஏன் தடையாக வேண்டும்?

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மே மாதப் புழுக்கத்தில் நள்ளிரவுவரை சார்ட் பேப்பர் வெட்டும் அக்காமாரை நினைத்துப் பாருங்கள். சகேயு கதையை பிகினர்ஸ் பிள்ளைகளுக்குக் காட்டத்தி மரம் ஏறும் நடிப்பாகவும், ஜூனியர்களுக்கு வரிவசூல் அநியாயம் பற்றிய உரையாடலாகவும் பிரித்துத் தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டால் நொடியில் வரைவு வரும். அதில் பிழையும் வரும். மனப்பாட வசனத்தைச் சில நேரம் நம் வேதாகமத்தில் இல்லாத சொற்களில் எழுதித் தரும். ஒத்துப் பார்க்காமல் சார்ட்டில் ஏற்றினால் குற்றம் நம்முடையது. பிள்ளைகளின் பெயர், வீட்டு விவரம் எதையும் அதில் இடவே கூடாது. ஆனால் மிச்சமாகும் நேரத்தில், இரண்டு நாளாக வராத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போகலாமே. அதுவும் வேண்டாம் என்பீர்களா?