வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி: யாருக்காக?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து சக்ரீஸ்துவை விட்டு நாம் வெளியே வந்தபோது, பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கையில் ஜெபமாலையோடு காத்திருந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் டாலஸ் நகரை அடுத்த புறநகரில் கணினித் துறையில் வேலை செய்கிறார். கிரீன் கார்டு கிடைத்து, கடன் வாங்கிச் சொந்த வீடும் வாங்கியிருக்கிறார். நான்கு வீடு தள்ளி நள்ளிரவில் திருடன் புகுந்துவிட்டானாம். உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரே ஆலோசனைதான் சொல்கிறார்களாம். அந்தத் தாய் நம்மிடம் கேட்டது இவ்வளவுதான்: “சாமி, துப்பாக்கி வாங்குறது பாவமா?”

மகனின் கேள்வி வேறு. வாங்கலாமா என்பதை அவர் கடந்துவிட்டார். கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா, வீட்டில் மட்டும் வைப்பதா, இடுப்பில் செருகிக்கொண்டு வெளியிலும் செல்வதா என்பதுதான் அவர் யோசனை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்க முடியாது. நம் பங்குகளில் அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. வேலை விசாவில் இருக்கும் வரை, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-லும், வெளியிடங்களுக்கு எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022-லும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். 2024 நிலவரப்படி இத்தகைய சட்டம் 29 மாநிலங்களில் இருந்தது. ஆக, நம் ஊரில் வேட்டி வாங்குவதுபோல அங்கே துப்பாக்கி வாங்கலாம் என்று சொன்னால் அது மிகை; ஆனால் பெரிய மிகை அல்ல.

முதலில் தாயின் கேள்வி. திருச்சபை தற்காப்பைப் பாவம் என்று சொன்னதில்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ள முயல்பவர், அதன் விளைவாகத் தாக்கியவன் இறந்தாலும், கொலைகாரர் ஆவதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். தேவைக்கு மிஞ்சிய வன்முறையைப் பயன்படுத்தினால் அது தவறு என்றும் சேர்த்தே சொன்னார். நமது மறைக்கல்வி நூலும் (2263 முதல் 2265 வரையுள்ள எண்கள்) அதையே பின்பற்றி, பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு ஒரு கடமையாகவும் ஆகலாம் என்கிறது. குடும்பத் தலைவர் ஒருவர் இதை வாசித்துவிட்டு நேரே துப்பாக்கிக் கடைக்குப் போவாரானால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பகுதியில் சில எண்கள் தள்ளி, 2269-இல், தக்க காரணமின்றி ஒருவரைச் சாவின் ஆபத்துக்கு உள்ளாக்குவதும் ஒழுக்க நெறிக்கு எதிரானது என்று இருக்கிறது. இதை எடுத்துக்காட்டுவோர் குறைவு.

விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. திருடன் இரவில் கன்னமிடும்போது அடிபட்டு இறந்தால் அடித்தவர் மேல் இரத்தப்பழி இல்லை; பொழுது விடிந்தபின் நடந்தால் பழி உண்டு. இருட்டில் வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று தெரியாது. வெளிச்சத்தில் தெரியும், கூவி அழைத்தால் அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். குருமடத்தில் படித்தபோது இதை நாம் வேகமாகக் கடந்து போனோம். இப்போது யோசித்தால், துப்பாக்கி பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு வசனங்களில் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. எதிரே நிற்பது யார் என்று தெரியுமா?

அந்த மகனின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. 2017 நவம்பரில் டெக்சாசில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஞாயிறு வழிபாட்டின்போது ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்றான். துப்பாக்கியோடு ஓடிவந்து அவனை எதிர்த்துச் சுட்டவர் அருகில் வசித்த ஒருவர். 2019 டிசம்பரில் அதே மாநிலத்தில் ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் இரண்டு பேரைக் கொன்றவனை, சபையின் பாதுகாப்புக் குழுவினர் ஒருவர் ஆறே நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். இந்த இரண்டையும் மறைத்துவிட்டுப் பேசினால் நம் பேச்சை எவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த ஆறு நொடிக்காரர் மற்றவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர், காவல் பணியிலும் இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி மகனின் கேள்வி. துப்பாக்கி அறிந்தவர்கள் சொல்வதை நாம் கேட்டும் வாசித்தும் அறிந்த அளவில் கூறுகிறோம். ஷாட்கன் என்னும் நீளத் துப்பாக்கி வலிமையானது. ஆனால் குறுகிய நடைவழியில் அதைத் திருப்புவது கடினம், தோளில் உதைக்கும், ஒரு கையால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறு கையால் அதைப் பிடிக்க முடியாது. கைத்துப்பாக்கி கைக்கு அடங்கும். ஆனால் பதற்றத்தில் குறி தவறுவதும் அதில்தான் எளிது. இன்று பலரும் வாங்குவது 9 மில்லிமீட்டர் குண்டு போடும் அரைத்தானியங்கி வகை. உடையில் மறைத்துக் கொண்டுபோகச் சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாக ஆக ஆக, சுடும்போது கையில் துள்ளும். எடுத்துச் செல்பவருக்கு விசையை முழுதும் மூடும் உறையும் வேண்டும். அதைவிட, கோபம் வரும் நேரத்தில், போக்குவரத்துச் சண்டையில், நண்பர் வீட்டு விருந்தில் என எல்லா இடத்திலும் அது தன் இடுப்பில் இருக்கிறது என்ற நினைவு வேண்டும். இன்னொன்று. அமெரிக்கப் புறநகர் வீடுகளின் உட்சுவர் நம் செங்கல் சுவர் அல்ல. மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. குறி தவறிய குண்டு அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போகும். அடுத்த அறையில் பெரும்பாலும் குழந்தை உறங்கும்.

எந்த வகை, எந்தக் கம்பெனி என்பதில் கடைக்காரர்கள் நேர்த்தியாக உதவுவார்கள். நம்மை உறுத்துவது, வாங்கி வந்தபின் அது எங்கே இருக்கும் என்பது. குண்டை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி, குண்டுகளை வேறிடத்தில் பூட்டி வைக்குமாறு அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி அறிவுறுத்துகிறது. அப்படி வைத்தால் நள்ளிரவில் கதவு உடையும்போது அது உதவாது. உதவும்படி தலைமாட்டில் குண்டு நிரப்பி வைத்தால், மூன்று வயதுக் கைக்கும் அது எட்டும். விரல்ரேகையால் அல்லது எண்களால் சட்டெனத் திறக்கும் சிறு பெட்டகங்கள் இந்த இக்கட்டுக்குச் சொல்லப்படும் சமரசம். பூட்டாமல் வைப்பதைவிட அவை எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பெட்டகத்தைத் திறக்கத் தெரிந்த பெரியவருக்கு மனம் உடையும் இரவு வந்தால், எந்தப் பூட்டும் காவல் இல்லை.

இதைச் சொல்லாமல் கடந்து போக நமக்கு மனம் வரவில்லை. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான பெரிய ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தற்கொலையால் இறக்கும் வீதம் இல்லாதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்றும், பெண்களில் அது ஏழு மடங்கு என்றும் கண்டது. அதே ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட மற்றொன்று, துப்பாக்கி உரிமையாளரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையுண்டு இறக்கும் வீதம் இரு மடங்குக்கு மேல் என்றது. வீட்டிலேயே துணைவரால் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2020-இல், ஒன்று முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதல் காரணமாகச் சாலை விபத்தைத் துப்பாக்கி முந்தியது. துப்பாக்கியால் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வெகுவாக முரண்படுகின்றன. அரசின் ஆய்வில் ஆண்டுக்குச் சில பத்தாயிரம், தனியார் ஆய்வுகளில் பத்து லட்சத்துக்கும் மேல். ஆனால் இறந்தவர்களின் கணக்கில் அப்படிக் குழப்பம் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய குருத்துவப் பணியில், தற்கொலையால் இறந்தோரின் வீட்டுக்கு நாம் பலமுறை சென்றிருக்கிறோம். அந்த எண்ணம் பலருக்கு ஒரு புயல்போல வந்து போவது. அந்தச் சில மணி நேரம் கடந்துவிட்டால் உயிர் தங்கிவிடுகிறது. முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் அவ்வாறு இறப்பதில்லை என்று மருத்துவர்களும் கூறுகின்றனர். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேலை போகும் அச்சம், தனிமை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இவையெல்லாம் கடல் கடந்த நம் பிள்ளைகளின் வீடுகளிலும் உண்டு. தொலைபேசியில் “நல்லா இருக்கோம்மா” என்றுதான் சொல்வார்கள்.

கதவுக்கு வெளியே நிற்பவரையும் நினைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவர வந்த 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் தெருப்பெயர் குழம்பித் தவறான வீட்டு மணியை அழுத்தினான். உள்ளே இருந்த 84 வயது முதியவர் சுட்டார். சிறுவன் உயிர் பிழைத்தது இறைவனின் கருணை. அதே வாரத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், தவறான வீட்டு வளாகத்துக்குள் கார் திரும்பியதற்காக 20 வயதுப் பெண் கொல்லப்பட்டார். சுட்டவர் 2024-இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. இந்த இருவரும் எந்தக் கெட்ட நோக்கத்தோடும் வந்தவர்கள் அல்லர். நம் பிள்ளைகள் கதவின் உட்புறத்தில் மட்டும் நிற்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கறுத்த நிறத்தோடு, புரியாத உச்சரிப்போடு, தவறான முகவரியில் மணி அடிப்பவர்களும் அவர்களே.

திருச்சபைத் தலைவர்கள் இதில் மௌனமாக இருக்கவில்லை. 2014-இல் அட்லாண்டா பேராயராக இருந்த வில்டன் கிரகரியும், 2016-இல் டாலஸ் ஆயராக இருந்த கெவின் ஃபாரலும், மாநிலச் சட்டங்கள் தளர்த்தப்பட்டபோதும் தம் ஆலயங்களுக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை விதித்தனர். விமர்சனமும் எழாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் நகரின் மங்கள வார்த்தை ஆலயத்தில், பள்ளிப் பிள்ளைகளின் திருப்பலி வேளையில், ஒருவர் வெளியே நின்று சன்னல் வழியாகச் சுட்டதில் 8 வயதும் 10 வயதுமான இரு பிள்ளைகள் இறந்தனர். திருப்பலி தொடங்கியதும் கதவுகளைப் பூட்டும் வழக்கம் அங்கே இருந்ததால் பல உயிர்கள் தப்பின என்று காவல்துறையினர் கூறினர். அடுத்த ஞாயிறு மூவேளைச் செபவுரையில் திருத்தந்தை 14-ஆம் லியோ, சிறிதும் பெரிதுமான ஆயுதங்கள் உலகில் தொற்றுநோய்போலப் பரவியிருப்பதைக் குறிப்பிட்டு வேண்டினார். நல்ல பூட்டு என்பதும் தற்காப்புதான். விளக்கு, அலாரம், குரைக்கும் நாய், பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிய அண்டை வீட்டார், இவையும்தான்.

அந்தத் தாயிடம் திரும்புவோம். பாவம் இல்லை அம்மா, ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடவில்லை என்றோம். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது: மருமகளின் இரண்டாம் பேறுகாலத்துக்காக இவரே அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கு அங்கே செல்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, யாருடைய தூக்கமும் கெடாதபடி விளக்கைப் போடாமல் நடந்து, அடுப்படியில் காப்பி போட்டு ஜெபமாலை சொல்வது அவருடைய நாற்பது வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தை மகனிடம் முதலில் சொல்லுங்கள் என்றோம். வாங்குவதானால், பெட்டகத்தையும் பயிற்சியையும் முதலில் வாங்கட்டும். மருமகளுக்குப் பேறு முடிந்து உடம்பும் மனமும் தேறும் வரையாவது பொறுக்கட்டும். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைப்பது டெக்சாஸ் சட்டத்திலேயே குற்றம் என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் லைட்டப் போட்டுட்டே நடக்குறேன் சாமி” என்றார்.