ஒரே மூச்சில் எழுதாதீர்கள்

இன்றைய பதிவு பைத்தானில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. மற்றவர்களும் படிக்கலாம், புரியும்படிதான் எழுதுகிறேன்.

ஜாங்கோவில் டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்க ஃபில்டர், எக்ஸ்க்ளூட், ஆர்டர் பை என்று புள்ளி வைத்துக் கோத்துக்கொண்டே போகலாம். வசதிதான். ஆனால் ஏழெட்டை ஒரே வரியில் கோத்து, திரையைத் தாண்டி ஓடவிடுகிறீர்கள். கேட்டால் "ரன் ஆகுது சார்" என்கிறீர்கள். ரன் ஆனால் போதுமா? அடுத்தவர் படிக்க வேண்டாமா?

முழுவதையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, வரிக்கு ஒரு வேலையாக எழுதுங்கள். வரிக்கடைசியில் பேக்ஸ்லாஷ் வேண்டாம். அதற்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலே பிழை.

அடுத்தது பெயர். 'உதவித்தொகைக்கு உரியவர்கள்' யார் என்பதை மூன்று ஃபில்டர்களில் சிதறவிடாமல், குவெரிசெட் வகுப்பில் அந்தப் பெயரிலேயே ஒரு மெத்தட் எழுதுங்கள். விதி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இடையிடையே பெயர் வைத்துப் பிரித்தால் டேட்டாபேஸுக்குப் பலமுறை போகுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. வினையெச்சங்களை எத்தனை அடுக்கினாலும் வினைமுற்று வந்தால்தானே வாக்கியம் முடியும்? குவெரிசெட்டும் அப்படித்தான். லூப்பில் சுற்றும்வரை, லிஸ்ட்டாக மாற்றும்வரை அது டேட்டாபேஸ் பக்கமே போகாது.

ஒரு எச்சரிக்கை. வரியைப் பிரியுங்கள், அழகுக்காக ஃபில்டரைப் பிரிக்காதீர்கள். ஒரு மாணவருக்குப் பல மதிப்பெண் பதிவுகள் இருக்கும். "பாடம் கணக்கு", "மதிப்பெண் 35க்குக் கீழ்" இரண்டையும் ஒரே ஃபில்டரில் கொடுத்தால் கணக்கில் தவறியவர்கள் வருவார்கள். இரண்டு ஃபில்டர்களாக அடுக்கினால், கணக்கும் எழுதி, ஏதோ ஒரு பாடத்தில் 35க்குக் கீழ் வாங்கிய எல்லோரும் வருவார்கள். கணக்கில் 100 வாங்கிய பிள்ளையும் கணக்குச் சிறப்பு வகுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

நீண்ட வரிக்குள் இந்த இரண்டாவது ஃபில்டர் ஒளிந்துகொள்ளும். வரிவரியாக எழுதினால், சரிபார்ப்பவர் கண்ணில் பட்டு "இது ஏன் தனியாக நிற்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பட்டியலிலிருந்து விடுபடுவதும் தவறாக ஏறுவதும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர்.

உங்கள் ஆபீஸில் எப்படி எழுதுகிறீர்கள்? கமெண்ட்டில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். இப்போது மார்க் குறைக்க மாட்டேன்!